கண்ணை மூடிப் போட்ட கையெழுத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபது வருஷமாக ஒரு வழக்கம். லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடத்தைப் பிடித்தபடி கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். மனசுக்குள்ளே சாமியின் குரல் "போடு" என்றதும் சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். கைராசிக்காரர் என்று பெயர் வேறு.

அன்று ஏதோ உள்ளங்கையைக் கிழித்தது. கண்ணைத் திறந்தார். வடத்தில் பாதி இழைகள் அறுந்து பிசிறாக நின்றன.

"போடு" என்றது குரல்.

"மாட்டேன் சாமி. புள்ளகுட்டிங்க ஏறுற லிஃப்ட். நீங்களே சொன்னாலும் தப்பு தப்புதான்."

குரல் கோபப்படவில்லை. காதோரம் உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாகக் கேட்டது.

"மத்ததையெல்லாம் பாத்துட்டா போட்ட?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடத்தில், போன வாரம் அவர் கையெழுத்துப் போட்ட கண்ணாடி லிஃப்ட், ஆள் நிறைய மேலே ஏறிக்கொண்டிருந்தது.