வெந்ததும் தேறும் சோதனை

எல்லோரும் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன், எனக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது என்று யுன்ஷி தன்னையே கேட்டுக்கொண்டாள். பயமாக இருந்தால் விரல்கள் சில்லிட்டிருக்கும். இது பயமில்லை. பதினொரு வருடம் இதே புரதத்தைப் பார்த்துப் பழகிய கண் சொல்கிறது: ஏழாவது பேட்ச் சரியில்லை.

சூஜோவில் இருந்த அந்த நிறுவனத்தில் தாவ் யுன்ஷிக்குத் தரச் சோதனை வேலை. மனிதனின் நோய் எதிர்ப்புச் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பிப் புரதத்தின் மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, அவற்றையே அந்த ஏற்பியைச் செய்யவைத்து, பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். ஏற்பி சரியாக மடிந்திருந்தால்தான் தன் கூட்டாளிப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். வடிவம் குலைந்தால் அது எதற்கும் உதவாது.

ஏழாவது பேட்ச் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. தூய்மை பார்க்கும் ஜெல்லில் ஒரே கோடு. மேலாளர் கெங் இந்த வருடம் கொண்டுவந்த விரைவுச் சோதனையில் ஆன்டிபாடி அதை அடையாளம் கண்டு தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டியது. ஆனால் குழாயை வெளிச்சத்தில் சாய்த்தபோது ஒரு மங்கல் தெரிந்தது, கண்ணாடியில் மூச்சு பட்டது போல.

அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தாள். கொதித்த புரதத்தில் வடிவம் என்று எதுவும் மிஞ்சாது. அதையும் விரைவுச் சோதனைக்கு வைத்தாள். தொண்ணூற்றேழு. அந்த ஆன்டிபாடி வடிவத்தைப் பார்ப்பதே இல்லை.

பிறகு பழைய முறைக்குப் போனாள். கூட்டாளிப் புரதம் பூசிய தட்டு, ஏற்பி பற்றிக்கொண்டால் மஞ்சளாகும்; மூன்று மணி நேர வேலை. ஆறாவது பேட்ச் அடர் மஞ்சளாக எழுந்தது. ஏழாவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கொதித்தது வெறும் தண்ணீர் போல் கிடந்தது. யுன்ஷிக்குச் சிரிப்பு வந்தது.

"என்னடி, தட்டைப் பாத்துச் சிரிச்சிட்டிருக்க?" வாசலில் பான் லிஹுவா. புரதங்களைப் பிரித்தெடுப்பவள், யுன்ஷியோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"நீயும் வந்து பாரு. நம்ம புதுச் சோதனைல வேகவெச்சதும் பாஸாகுது. நீ அனுப்பினது மட்டும் தனியா வேகாமலே வெந்திருக்கு."

பான் தட்டைப் பார்த்தாள். முகம் மாறியது. "நண்டு வரிசை," என்றாள்.

"என்னது?"

"அமிலம் விட்டுப் பிரிச்சதும் உடனே அமிலத்தை முறிக்கணும்ல. அந்த நேரம் பாத்து கீழே கம்பெனில லீவுப் பரிசா நண்டுப் பெட்டி தர்றாங்கன்னு குரூப்ல வந்துச்சு. முட்டையோட இருக்கற பெண் நண்டு தீந்துடும்னு வரிசைல நிக்க ஓடிட்டேன். நாப்பது நிமிஷம் அமிலத்துலயே கெடந்திருக்கு."

"பெண் நண்டு கெடச்சுதா?"

"எல்லாம் ஆண்."

"நல்லா வேணும் உனக்கு."

மூன்று மணிக்குக் கெங் ஏழாவது பேட்சின் தரச் சான்றிதழோடு வந்தார். யுன்ஷிக்கு முப்பத்தெட்டு வயதாகியும் அவருக்கு அவள் இன்னும் சின்னத் தாவ்தான். "சின்னத் தாவ், நாலு மணிக்கு இதை ஏத்திட்டுப் போக உலர்பனி வண்டி வந்துடும். நாளையிலேருந்து எட்டு நாள் லீவு. உன் கையெழுத்துதான் பாக்கி."

அவள் தட்டைக் காட்டினாள். அவர் அவசரப்படாமல் குனிந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"சான்றிதழ்ல எந்தச் சோதனை போட்டிருக்கு?"

"விரைவுச் சோதனை, சார்."

"அதுல தேறியாச்சு. அப்போ இதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே."

இல்லைதான். அவர் சொன்னதில் அதுதான் அவளைத் தைத்தது. செங்டுவில் இதற்காகக் காத்திருக்கும் ஆய்வாளர் ருவானை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று தெரியும். நூறு மூலக்கூறுகளை இந்த ஏற்பியோடு சேர்த்துப் பார்ப்பாள்; எதுவும் பற்றாது; புரதத்தைச் சந்தேகிக்கமாட்டாள், தன் கையைச் சந்தேகிப்பாள். மாணவியாக இருந்தபோது யுன்ஷி அப்படி ஒரு வருடத்தை இழந்திருக்கிறாள். தன் கையை மறுபடி நம்பக் கற்றுக்கொள்ள அதைவிட அதிக காலம் பிடித்தது. கற்றுக்கொண்டுவிட்டாள்.

"வேகவெச்சதை அனுப்பினாலும் இதே சான்றிதழ்தான் சார் கெடைக்கும்."

"தப்பு என்னோடது சார்," என்றாள் பான்.

"உன்னை அப்புறம் பாத்துக்கறேன். இப்ப சும்மா இரு." கெங் யுன்ஷியின் பக்கம் திரும்பினார். "பதினொரு வருஷத்துல உங்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல சார்."

"இப்பக் கேக்கறேன்." தன் பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

"செல் வளத்த திரவம் பாதி மிச்சமிருக்கு. லீவுல நானும் பானும் வந்து மறுபடி பிரிச்சிடுவோம். தாமதமாகும்னு ருவான்கிட்ட நானே பேசறேன்."

"செய்ங்க, வேணாம்னா சொல்றேன்? ஆனா இதுல போட்டுடு."

யுன்ஷி பேனாவை எடுத்தாள். விரல்கள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. மூடியைப் போட்டு அழுத்தி, அவர் கைக்கு எட்டும்படி மேசையில் வைத்தாள்.

"இதுல போடமாட்டேன் சார்."