பத்துக் குளிர்காலங்களின் சராசரி

1978-79 குளிர்காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கீவினா வட்டத்தில் 390.4 அங்குலம் பனி விழுந்தது.

அங்கிருந்த ரூவோனா ஸ்கூப் கம்பெனிக்கு அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு வருஷம் வாய்க்கவில்லை. ஸ்கூப் என்பது முறம் போல அகன்ற தகரத் தட்டு. வளைந்த குழாய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பனியைத் தூக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம். பனி விழுந்தால் ஸ்கூப் விற்கும். விழாவிட்டால் கிடங்கில் அடுக்கியபடி கிடக்கும்.

இது தெரிந்துதான் கம்பெனியைத் தொடங்கிய கிழவர் ரூவோனா 1936இல் ஒரு விதி எழுதிவைத்தார். பங்குகள் மொத்தம் ஆயிரம், ஊரில் நாற்பது குடும்பங்களிடம் இருந்தன. யாராவது விற்க வந்தால் கம்பெனியே வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்து வருஷத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் விலை. கனத்த குளிர்காலத்துக்கு மறு மாதம் ஒருவன் வந்து கொள்ளை விலை கேட்கக் கூடாது. பனியே விழாத வருஷத்தில் ஒரு விதவையிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கவும் கூடாது. கிழவருக்கு இரண்டையும் பார்த்த அனுபவம் இருந்தது.

அந்தச் சராசரியை வருஷா வருஷம் போட்டவள் ஹெல்மி கார்வோனன். அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக இருந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு முற்றத்துக் கோலில் பனியை அளந்து எழுதுவதும் அவள் வேலைதான். அந்தக் கோல் விஷயத்தில் ஊர் விளையாட்டுக்கு இடம் கொடுக்காது. 1961இல் தச்சர் அடித்துக் கொடுத்த புதுக் கோலில் அங்குலம் கொஞ்சம் குட்டை என்று மார்ச் மாதம்தான் கண்டுபிடித்தார்கள். கிழவரின் மகனும் கம்பெனித் தலைவருமான வைனோ ரூவோனா மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் குளிர்காலத்தின் ஒவ்வொரு நாள் அளவையும் திருத்தி எழுதினார். தச்சரோடு அவர் 1964 வரை பேசவில்லை.

1983 ஏப்ரலில் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு, சூலோ ஹெய்க்கினன் வழக்கம்போலக் காப்பிக்கு வந்தார். முப்பத்தெட்டு வருஷம் அங்கே வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் மூன்று மணிக் காப்பியை மட்டும் விடவில்லை. ஹெல்மி ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைப்பாள். அவர் அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே ஊரில் எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டுவார். நாலு மணிக்குத் தொப்பியை எடுத்துக்கொள்வார். அவளுடைய நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் கூட்டல் கழித்தல் இல்லாத நேரம்.

அன்று அவர் உட்கார்ந்து மூச்சு நிதானமாக வெகுநேரம் ஆயிற்று.

"படி நாலுதான். எவனோ ராத்திரியில வந்து நாப்பதாக்கிட்டுப் போயிட்டான்," என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னொரு குளிர்காலம் இங்க வேணாம்னு சொல்லிட்டாரு. வெல்டிங் புகை உள்ள போய்க் குடித்தனம் பண்ணுதாம். குளிர்க்காத்து பட்டா அதுக்கும் எனக்கும் சண்டை வருமாம்."

ஹெல்மி கத்தியைக் கீழே வைத்தாள்.

"புளோரிடாவுல லேக் வொர்த்துல என் மச்சான் இருக்கான்ல," என்றார் சூலோ. "பக்கத்துலயே ஒரு டிரெய்லர் வீடு. பதினெட்டாயிரத்து ஐநூறு. சுத்தியும் நம்மாளுங்கதான். ஆவி பிடிக்கிற சவுனா கூட இருக்காம். அந்த வெயில்ல எந்த மடையன் சவுனாவுக்குள்ள போவான்னுதான் தெரியல. ஜூன் ஒண்ணு வரைக்கும் எனக்காக நிறுத்தி வெச்சிருக்கான். ஏன் ஹெல்மி, இந்த வருஷம் பங்கு என்ன விலை வரும்?"

அவரிடம் நூற்று நாற்பது பங்குகள் இருந்தன. சொத்து என்று சொல்ல வேறொன்றும் இல்லை. மனைவியின் கடைசி வருஷ ஆஸ்பத்திரிச் செலவு வீட்டைக் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது வாடகை வீடு.

ஹெல்மி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். சராசரி எட்டு டாலர் இருபது காசு. பங்கு ஒன்றுக்கு 98 டாலர் 40 காசு.

சூலோ ரொட்டிக் காகிதத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். 13,776 வந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கிழவர் விதி, கிழவர் விதிதான்," என்றார். "வீட்டுக்குள்ளேயே கிடந்துட்டாப் போச்சு. நீதான் தினம் காப்பியைத் தூக்கிக்கிட்டு வரணும்."

"பாத்திரம் கழுவிக் கொடுத்தா வருவேன்."

"அப்போ வேணாம். புளோரிடாவே தேவலை."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஹெல்மி பழைய விலைப்பட்டியல்களைப் பரணில் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள். 1973ஆம் வருஷத்துத் தாள் கையில் வந்தது. பெரிய ஸ்கூப், பதின்மூன்று டாலர் ஐம்பது காசு. இப்போது முப்பது டாலர். தகரம் அதே தடிமன், அச்சும் மாறவில்லை, கைப்பிடியில் சூலோ வைத்த வெல்டிங்கூட அதேதான். ஏணியின் மேல் நின்றபடி அவள் அந்தத் தாளை மறுபடி படித்தாள்.

1973இல் பங்குக்கு ஐந்து டாலர் லாபம். 1982இல் ஒன்பது டாலர். இரண்டையும் ஒரே டாலர் போல அவள் கூட்டியிருக்கிறாள். அந்த ஐந்து டாலருக்கு அன்று கிடைத்ததை இன்று வாங்கப் பதினோரு டாலர் வேண்டும். கிழவர் விதி எழுதிய காலத்தில் இது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. இந்தப் பத்து வருஷம் அப்படிப்பட்டதல்ல.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு ஹோட்டன் நகர நூலகத்துக்குப் போனாள். தொழிலாளர் துறை வெளியிட்ட விலைவாசிப் புள்ளி அட்டவணையைக் கையால் பிரதி எடுத்தாள். ஒவ்வொரு வருஷ லாபத்தையும் இன்றைய டாலருக்கு மாற்றினாள். 1973இன் ஐந்து, பதினொன்று இருபது ஆயிற்று. 1979இன் பத்தொன்பது, இருபத்தாறு ஆயிற்று. பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பன்னிரண்டரை டாலர். பன்னிரண்டு மடங்கு 150. சூலோவின் நூற்று நாற்பது பங்குக்கு 21,000.

இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு அந்தத் தாளை மேசை இழுப்பறையில் தபால்தலைப் பெட்டிக்கு அடியில் வைத்து மூடினாள்.

நாலு நாள் அது அங்கேயே இருந்தது. நாலு நாளும் மூன்று மணிக்கு சூலோ வந்தார். இழுப்பறைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை பாதிரியாரைத் திட்டினார். புதன்கிழமை ரேடியோக்காரனை. வியாழக்கிழமை ஹெல்மி ரொட்டியில் ஏலக்காய் குறைத்துவிட்டாள் என்று அவளையே திட்டினார். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் என்றால் இந்த நாற்காலி காலியாகாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் எழுந்து போய், கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை பனி விழுந்தது. ஏப்ரல் பனி, ஐந்து அங்குலம்தான். சூலோ காரை நிறுத்திவிட்டு வருவது ஜன்னலில் தெரிந்தது. வாசலுக்கு முப்பதடி. மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது முறை, முற்றத்துக் கோலைப் பிடித்துக்கொண்டு, அதில் அளவு பார்க்கிறவர் போலக் குனிந்து நின்றார்.

அவர் உள்ளே வருவதற்குள் ஹெல்மி இழுப்பறையைத் திறந்திருந்தாள்.

பங்குதாரர் கூட்டம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மாதர் சங்கம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டி சுட்டிருந்தது. தின்று முடித்த பிறகுதான் வைனோ கூட்டத்தைத் தொடங்குவார். பசியோடு இருக்கிறவன் அதிகம் கேள்வி கேட்பான் என்பது அவருடைய கணிப்பு.

ஹெல்மி இரண்டு விலையையும் கரும்பலகையில் எழுதிக் காரணத்தைச் சொன்னாள்.

"பங்கு விலை ஏறினா உனக்கும்தானே லாபம், ஹெல்மி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஆமா, என்கிட்ட இருபது இருக்கு. உன்கிட்ட முப்பது இருக்கு. என்னைவிட உனக்குத்தான் அதிகம். வேணாம்னா சொல்லு, உன்னுதை மட்டும் பழைய விலையிலயே வெச்சுக்கலாம்."

வைனோ எழுந்தார். சூலோவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள்.

"டேய் சூலோ, ஏழாயிரம் டாலர் கூடக் கேக்குறியேடா. புது பெயின்ட் மெஷினுக்கு வெச்சிருந்த காசுடா அது."

"நான் எங்கடா கேட்டேன்? நான் பேஸ்டி தின்னுட்டு இருக்கேன்."

"எப்படிப் பாத்தாலும் 1979ஐ எடுத்துடணும்," என்றார் வைனோ மற்றவர்களைப் பார்த்து. "அந்தப் பனி இன்னொரு தடவை விழப் போறதில்ல."

"அப்போ பனியே இல்லாத 1980ஐயும் எடுத்துடணும்," என்றாள் ஹெல்மி. "அதையும் எடுத்தா 1981ஐ எடுக்கச் சொல்வீங்க. இப்படிப் பொறுக்கக் கூடாதுன்னுதான் உங்கப்பா பத்து வருஷம்னு எழுதினாரு."

"79ல என் கூரையில ஒன்பது தடவை ஏறிப் பனி தள்ளினேன்," என்றார் சூலோ. "அது கணக்குல இல்லேன்னா அந்த ஒன்பதையும் யாராவது எனக்குத் திருப்பிக் கொடுங்கப்பா."

சிரிப்பு அடங்கும் வரை வைனோ காத்திருந்தார். "அது கிடக்கட்டும். இந்த விலைவாசிப் புள்ளி யார் போட்டது? வாஷிங்டன்காரன். அவன் சொல்றதை வெச்சா நம்ம கம்பெனியை விலை பேசுறது?"

அந்த அறையில் வாஷிங்டனுக்காகப் பரிந்து பேச யாரும் தயாராக இல்லை.

பேஸ்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எல்மா பெர்தூலா கையைத் துடைத்தாள். மாதர் சங்கத்தின் பொருளாளர் அவள். "எங்க நோட்டு இருக்கு," என்றாள். "வாஷிங்டன்காரன் அதைத் தொட்டதில்ல."

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்தாள். 1973 மே மாதம், பேஸ்டி ஒன்று ஐம்பது காசு. இந்தக் கூட்டத்தில் அவர்கள் எல்லாரும் காசு கொடுத்துத் தின்றது ஒரு டாலர் பத்துக் காசு. 1978இல் எழுபத்தைந்து காசு. ஹெல்மி பக்கத்துக்குப் பக்கம் வாசிக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினாள். அரசாங்கத்தின் எண்ணுக்கும் பேஸ்டியின் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் மட்டும் ஒட்டவில்லை. அந்த வருஷம் எல்மாவின் நாத்தனார் பொருளாளராக இருந்ததாகவும், தாட்சண்யம் பார்த்து விலையை ஏற்றாமல் விட்டதாகவும் எல்மா விளக்கம் சொன்னாள். நாத்தனார் அறையில்தான் இருந்தாள். அதில் ஐந்து நிமிஷம் போயிற்று.

"வைனோ," என்றாள் ஹெல்மி, சத்தம் குறைந்த பிறகு. "1961ல கோல்ல அங்குலம் குட்டைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குட்டை அங்குலத்தையும் சரியான அங்குலத்தையும் ஒண்ணாக் கூட்டக் கூடாதுன்னு மூணு நாள் தூங்காம உட்கார்ந்து திருத்தினீங்க. பனிக்கு அவ்வளவு பாத்தீங்க. டாலரும் வருஷா வருஷம் குட்டையாகிட்டே வந்திருக்கு. அதை மட்டும் நான் பத்து வருஷமா அப்படியே கூட்டிட்டு இருந்திருக்கேன். தப்பு என்னுதுதான். திருத்தணும்."

வைனோ கரும்பலகையைப் பார்த்தார். பிறகு சூலோவைப் பார்த்தார்.

"98ஆ இருந்தா இவன் போக மாட்டான்னு நினைச்சேன்," என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "79ஐ எடுத்துட்டு எண்பத்து நாலுக்கு இழுத்துட்டு வர முடியுமான்னுகூடப் பாத்தேன்."

"தெரியும்டா," என்றார் சூலோ. "உன் மூஞ்சிதான் காட்டிக்கொடுத்துடுமே."

ஹெல்மி சுண்ணக்கட்டியைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். இழுப்பறையில் இருந்த நாலு நாளைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாக்கெடுப்பில் வைனோவின் முந்நூற்றுப் பத்துப் பங்குகளும் புது விலைக்கே விழுந்தன. சூலோ தன் பங்குகளை வைத்து வாக்களிக்கவில்லை. எதிர்த்தவர்கள் இரண்டு பேர். இனி ஒவ்வொரு வருஷ லாபத்தையும் கூட்டம் நடக்கும் மே மாத விலைவாசிக்கு மாற்றியே சராசரி எடுக்க வேண்டும் என்று கிழவரின் விதியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது.

மே 27ஆம் தேதி சூலோவுக்கு 21,000 டாலர் காசோலை கொடுக்கப்பட்டது. பெயின்ட் மெஷின் அந்த வருஷம் வாங்கவில்லை. செப்டம்பர் மூன்றாவது வாரம் வைனோ அவரைத் தன் காரில் புளோரிடாவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டவர்களிடம் பெட்ரோல் மலிவு என்று சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் திங்கட்கிழமைதோறும் ஹெல்மி முற்றத்துக் கோலின் அளவை ஒரு அஞ்சலட்டையில் எழுதி லேக் வொர்த்துக்கு அனுப்பினாள். மொத்தம் இருபத்தாறு அட்டைகள். ஏப்ரல் கடைசியில் போன அட்டையில் 243 அங்குலம் என்று இருந்தது.