இந்த எண் என்னுடையதல்ல

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்கப்பட்டது. ஓர் அரசுத் துறை தன் புதிய இணையச் சேவைத் தளத்துக்காகச் சிறு மலர் ஒன்று கொண்டுவருகிறது. பார்வையற்ற ஆசிரியை ஒருவர் அந்தத் தளத்தால் பயனடைந்தாராம். அதைக் கதையாக எழுதித் தர முடியுமா என்று நாமக்கல்லில் இருக்கும் துறை அலுவலர் அமுதவல்லி போனில் கேட்டார். நான் திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கதையும் எழுதுவேன்.

“ரெண்டு பக்கம் போதும் சார். முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கட்டும்” என்றார்.

சரி என்றேன். ஆசிரியையைப் பார்ப்பதற்கு முன்பே தொடக்கத்தை எழுதிவிட்டேன்.

இருண்ட உலகில் ஒளியைத் தேடி நடந்த அந்தப் பெண், அன்று காலை

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். ஏன் நின்றது என்று பிறகு சொல்கிறேன்.)

2

ஆசிரியையின் பெயர் சத்யபிரியா. ஊர் வெண்ணந்தூர். ராசிபுரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும். அவர் வைத்திருக்கும் வேகம் என் காதுக்கு வெறும் இரைச்சல்.

பெற்றோர் இல்லை. அண்ணன் தனபாலின் குடும்பத்தோடு இருக்கிறார். தனபால் விசைத்தறி ஓட்டுபவர். தங்கையைச் சேலத்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்ததும், கல்லூரிக்கு அனுப்பியதும் அவர்தான். அந்தக் காலத்தில் சத்யபிரியாவிடம் போன் கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் அண்ணன் எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு வேலை கிடைத்தது, போன் வாங்கினார். பதிவேடுகளில் இருந்த எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ரேஷனோ மருத்துவமனையோ பள்ளி வேலையோ, எந்த ஓ.டி.பி.யும் தனபாலின் சட்டைப்பைக்குத்தான் போகும். ஒருமுறை தன் ரத்தப் பரிசோதனை முடிவை அண்ணன் சாப்பாட்டுக்கு நடுவே சொல்லித்தான் சத்யபிரியா தெரிந்துகொண்டார். அண்ணிக்கு முன்னமே தெரிந்திருந்தது.

போன வருடம் ஆத்தூருக்கு இடமாறுதல் கேட்டு விண்ணப்பித்தார். அங்கே கல்லூரித் தோழி பிரபா குடியிருக்கும் வீட்டில் மாடி அறை ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பத்தை உறுதிசெய்யும் ஓ.டி.பி. அண்ணனுக்குப் போனது. அண்ணன் சொல்லவில்லை. அன்றுதான் கடைசி நாள்.

3

புதிய தளத்தில் எண்ணை மாற்றும் வசதி இருந்தது. ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாத் துறைக்கும் மாறிவிடும். சத்யபிரியா தனியாக உட்கார்ந்து திறந்தார். முதலில் கோணல்மாணலான எழுத்துகள் கொண்ட ஒரு படம் வந்தது. தான் இயந்திரமல்ல, மனிதர்தான் என்று காட்ட அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். போன் “படம்” என்றது. வேறு படம் கேட்டார். அதற்கும் “படம்” என்றது.

(இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்கக் கோபப்பட்டு எழுதி எடுத்துவிட்டேன். அந்தக் கோபம் வாசகருக்கே வரும்.)

அடுத்த நாள் சேவை மையத்துக்குப் போனார். அங்கே கணினியில் இருந்த சரிதா படத்தைப் பார்த்துத் தட்டிவிட்டார்.

“டீச்சர், ஓ.டி.பி. பழைய நம்பருக்குத்தானுங்க போகுது. அந்த போனு யாருகிட்டங்க இருக்குது?”

“எங்கண்ணன்கிட்ட.”

கேட்பதற்கு முன்பே அண்ணன் அழைத்துவிட்டார்.

“ஏஞ்சாமி, நம்பர் மாத்தறதுக்குன்னு என்னமோ வந்திருக்குது. எவனாச்சும் ஏமாத்தறானா?”

“இல்லீங்கண்ணா, நாந்தான் மாத்தறேன். அந்த நம்பரைச் சொல்லுங்க.”

தறிச் சத்தம் தேய்ந்தது. அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

“இப்ப எதுக்கு அது? ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்.”

ஓ.டி.பி. காலாவதியானது. சரிதா குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு வழி இருக்குதுங்க டீச்சர். பழைய போனு இல்லைன்னு போட்டா ஓ.டி.பி. கேக்காது, அடையாள அட்டையே போதும். காரணம் மூணு குடுத்திருக்காங்க. தொலைஞ்சுருச்சு, திருட்டுப் போயிருச்சு, கனெக்சன் இல்ல. தொலைஞ்சுருச்சுன்னு போட்டுரட்டுமா?”

“தொலையலீங்களே. எங்கண்ணன் பையில பத்திரமா இருக்குது.”

“எல்லாரும் அப்படித்தானுங்க போடறாங்க.”

“நான் வரலாறு நடத்தறேனுங்க. நடக்காததைப் போட வேண்டாம்.”

சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது.

“நான் உன்ன என்ன பண்ணிப்போட்டேன் சாமி?”

“நீங்க ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. ஆஸ்பத்திரிச் சீட்டு நல்லதோ கெட்டதோ, நான் மொதல்ல கேக்கோணும். அப்பறம் நானே வந்து உங்ககிட்டச் சொல்லோணும்.”

“ஆத்தூருக்குப் போறதுக்குத்தான இதெல்லாம்?”

“போறனா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணலீங்கண்ணா. ஆனா, பண்ணறது நானா இருக்கோணும்.”

தனபால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

4

இங்கே எனக்குத் தனபாலைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கெட்டவராக்கினால் கதை வேகமாக நகரும். ‘வேண்டுமென்றேதான் அவர் அந்தக் குறுஞ்செய்தியை அழித்தார்’ என்று எழுதினேன். எனக்கு எப்படித் தெரியும்? அடித்தேன். ‘வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டார்’ என்று எழுதினேன். இதுவும் எனக்கு எப்படித் தெரியும்?

சத்யபிரியாவிடம் கேட்டுக்கொண்டு, தறிக்கூடத்தில் போய் அவரைப் பார்த்தேன். சத்தம் தாங்காமல் வாசலுக்கு அழைத்து வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி.

“ஒரு நாளைக்கு எத்தன மெசேஜுங்க வருது. அன்னிக்குப் பாத்தனா பாக்கலயான்னு சத்தியமா நெனவில்லீங்க.”

“பாத்திருந்தா சொல்லியிருப்பீங்களா?”

உள்ளே திரும்பித் தறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. அவ ரோடு தாண்டறப்பெல்லாம் இந்தப் பக்கம் நின்னு பாத்தே பழகிட்டனுங்க.”

அவரை என்ன செய்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர் சொன்னதை மட்டும் வைத்திருக்கிறேன்.

5

அமுதவல்லி கதைக்குள் வருவது இங்கேதான். நாமக்கல்லில் ஒரு மனு நாளில் சத்யபிரியா அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். அமுதவல்லி இரக்கமுள்ளவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க அலைய வேண்டாம்மா. உங்க வீட்டுக்கே ஒரு உதவியாளரை அனுப்பறேன். எல்லாத்தையும் அவங்களே பார்த்துச் செஞ்சு குடுத்துருவாங்க.”

“ஆளு வேண்டாமுங்க மேடம். ஆளு இருக்கறதுதானுங்க எனக்குச் சங்கடமே.”

அமுதவல்லிக்குப் புரியவில்லை. சத்யபிரியா இயர்போனைக் கழற்றி, போனின் வேகத்தைக் குறைத்து, தளத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். விரல் நகர நகர அது வாசித்தது. “பொத்தான். பொத்தான். படம். பொத்தான்.” எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒன்றிலும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்து, கடைசிவரை கேட்டார்.

அன்றே சென்னைக்கு எழுதினார். பதில் வரவில்லை. திரும்ப எழுதினார். நேரில் போய்ப் பேசினார். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது தளம் மாறியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் காதால் கேட்டுப் பதில் சொல்லும் வழி வந்தது. பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. காரணங்களின் கீழே நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘இந்த எண் என்னுடையதல்ல.’

பள்ளியில் மதிய இடைவேளையில் சத்யபிரியா அந்த வரியைத் தேர்ந்தெடுத்தார். அடையாள அட்டையைத் தானே படமெடுத்து ஏற்றினார். எண் மாறியது. மாலையில் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னார். தனபால் “சரி” என்று மட்டும் சொன்னாராம்.

6

முதல் வரைவைச் சத்யபிரியாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பள்ளி விட்டதும் ராசிபுரம் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம்.

“எங்கண்ணன் வேணும்னே அழிச்சாருன்னு எழுதியிருக்கீங்களே சார்?”

“அதை அடிச்சுட்டேங்க. மேல கோடு போட்டிருக்கேன்.”

“கோடு எனக்குக் கேக்கலீங்க சார். போனு எழுதுனதையும் படிச்சுது, அடிச்சதையும் படிச்சுது. கேட்டுட்டு அன்னிக்குப் பூரா அண்ணன்கிட்ட நான் பேசவே இல்ல.”

அவரே அடுத்ததற்குப் போனார்.

“அப்பறம் இருட்டுன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. எனக்கு இருட்டுப் பழக்கமில்லீங்க சார். கரண்டு போனா நீங்கதான் பாக்கறீங்க.”

முதல் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அடிக்குறிப்புகள் எல்லாம் கதை முடிந்தபிறகு மொத்தமாக வந்து விழுந்தன என்றும் சொன்னார். அவற்றை எடுத்துவிட்டேன். சிலவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். அடைப்புக்குறி பரவாயில்லையாம்.

7

இனி முடிவு. அமுதவல்லிக்கு அனுப்பியதில் தனபால் தன் கையாலேயே தங்கையின் பெட்டியைத் தூக்கி ஆத்தூர் பேருந்தில் ஏற்றுகிறார். மலருக்கு அது பொருந்தும். எனக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். அதில் இடமாறுதல் கிடைத்தும் சத்யபிரியா போகாமல், வெண்ணந்தூரிலேயே

வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அதிர்ந்தது. இந்த வருட இடமாறுதல் கலந்தாய்வுக்கு மறுபடி விண்ணப்பித்திருந்தார், முடிவு வரவேண்டிய வாரம் அது. ஒற்றை இயர்போனைக் காதில் வைத்தார். கேட்டார். மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு வயரை விரலில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு எதிரே முகம் இருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“என்னங்க வந்திருக்கு?” என்றேன்.

“எனக்கு வந்ததுங்க சார்” என்றார்.

நான் கேட்டது அதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார். பேருந்து வந்தது. வெள்ளைக் கோலை மடக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பேருந்து கிளம்புவதற்குள் யாருக்கோ போன் செய்து பேச ஆரம்பித்துவிட்டார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பேசியது பிரபாவிடமா, அண்ணனிடமா? எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.