பீப்பாயில் ஓடிய மோட்டார்

ஈரத்துணியை ராக்கையாவின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் அந்தக் கூச்சல் கேட்டது.

"அண்ணே! கெடைச்சிருச்சுண்ணே!"

பஞ்சம்மாளின் கை அப்படியே நின்றது. சாவுக்குக் காத்திருக்கும் வீட்டைப் பார்த்து இப்படி யாராவது கத்துவார்களா? பிச்சைமணி கத்துவான். அவள் புருஷனின் தம்பி. ஐந்து நாளைக்கு முன்னால் ஆலப்புழைக்குப் போனவன். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கையாவின் கண் திறந்தது. காலையிலிருந்து பால் ஊற்றியும், காதருகே பேர் சொல்லிக் கூப்பிட்டும் திறக்காத கண்.

முழங்கால்வரை சேற்றோடு பிச்சைமணி உள்ளே வந்தான். ஏலக்காய் லாரியில் குமுளிவரை வந்து, அங்கிருந்து மலையை ஓடியே இறங்கியிருக்கிறான். மடியை அவிழ்த்து, துணிச்சுருளைப் பிரித்து, மோட்டாருக்குத் தீப்பொறி கொடுக்கும், கம்பி சுற்றிய ஒரு காயிலை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒரு படகுக் கொட்டகையில செத்த மோட்டார் ஒண்ணு கெடந்துச்சுண்ணே. நம்மளது மாதிரியே. கொட்டகைக்காரன் தரமாட்டேன்னான். கடுக்கனக் கழட்டி நீட்டுனேன். 'கொண்டு போய்க்கோ'ன்னுட்டான்!"

அவன் காது இரண்டும் மூளியாக இருப்பதைப் பஞ்சம்மாள் அப்போதுதான் பார்த்தாள். ராக்கையாவின் விரல்கள் காயிலைத் தடவின. பிறகு வாய் அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இப்பவே மாட்டச் சொல்றாக," என்றாள். சொல்லும்போது குரல் துள்ளிவிட்டது. அதற்காக வெட்கமும் பட்டாள்.

படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் அது. பெரியாற்று ஏரியில் ஒரு தோட்டத்துத் துரை ஓட்டிவிட்டு, கெட்டுப்போனதும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். அந்தத் தோட்டத்து இன்ஜினைப் பழுதுபார்க்கப் போன ராக்கையா, கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் கூடலூருக்கு இறக்கினார். ஊரே சிரித்தது. எந்தக் கிணற்றில் படகு விடப் போகிறாய் என்று கேட்டார்கள். வயல்களின் எண்ணெய் இன்ஜின்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய மனுஷன், சிரிப்புக்கெல்லாம் அசையவில்லை. கம்பத்து அரிசி ஆலையில் கழித்துப் போட்ட இன்ஜினின் பிஸ்டன் ரிங்கை அரத்தால் ராவி ராவிப் பொருத்தினார். தண்ணீர் பம்புக்கான வாஷரைத் தன் செருப்புத் தோலில் வெட்டினார். காயில் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. அதற்குள் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார்.

விடிவதற்குள் முடிந்துவிடும் என்று நேற்றே டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். விடிந்து, உச்சிப்பொழுதும் ஆகிவிட்டது. எதற்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று பஞ்சம்மாளுக்குத் தெரியும். அந்த மோட்டார் ஒரு தடவையாவது ஓடுவதைக் காதால் கேட்க வேண்டும். அது நடந்துவிட வேண்டுமே என்று அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் தார்ப் பீப்பாய் ஒன்றின் விளிம்பில் பலகை கட்டி, மோட்டாரை அதில் மாட்டியிருந்தார்கள். அதன் காற்றாடி தண்ணீருக்குள் சுழல வேண்டும். பஞ்சம்மாள் குடத்தைத் தூக்கினாள். ராக்கையாவின் அக்கா கருத்தம்மாள் வழியை மறித்தாள்.

"ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? உசிரு போற வீட்டுல மோட்டார் ஓட்டுனா ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும் மதினி. பீப்பா இன்னும் நெறையல. நீங்களும் ஒரு கொடம் எடுங்க."

கருத்தம்மாள் வாயைப் பிளந்தாள். அப்புறம் அவளும் ஒரு குடத்தை எடுத்தாள்.

பிச்சைமணி மோட்டாரின் உச்சியில் இருந்த சக்கரத்தைக் கழற்றி, காயிலை வைத்து, மறுபடி மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பஞ்சம்மாள் உள்ளுக்கும் கொல்லைக்குமாக அலைந்தாள். உள்ளே மூச்சு இருக்கிறதா, வெளியே திருகு ஏறிவிட்டதா? இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் கால் தரையில் பாவவில்லை.

பெட்ரோல் ஒரே ஒரு பாட்டில்தான். உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் கூப்பன் இல்லாமல் சொட்டுக்கூடக் கிடையாது. பஸ்கார மீரான் மைதீன் தன் பங்கிலிருந்து கொடுத்தது. பிச்சைமணி அதை டாங்கியில் ஊற்றிவிட்டுக் கயிற்றைச் சக்கரத்தில் பம்பரத்துக்குச் சுற்றுவதுபோல் சுற்றினான்.

உள்ளே ராக்கையாவின் வாய் மறுபடி அசைந்தது. பஞ்சம்மாள் ஓடி வந்தாள்.

"தம்பி, இழுக்காத! பெட்ரோல்ல எண்ணெ கலந்தியான்னு கேக்குறாக!"

பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டான். வயல் இன்ஜினுக்கு எண்ணெய் தனி, அதன் கிண்ணம் தனி. இந்த மோட்டாருக்கோ பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். எத்தனையோ தரம் அண்ணன் சொன்னதுதான். கை பழைய பழக்கத்திலேயே போய்விட்டது. அப்படியே ஓடியிருந்தால் பிஸ்டன் இறுகிப் போயிருக்கும்.

"சாகக் கெடக்கும்போதும் என் தப்பு தெரியுது பாருங்க மதினி!" என்று சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெயை எடுத்தான்.

முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு செருமல். மூன்றாவதுக்கு மோட்டார் வெடித்துக் கிளம்பியது. பீப்பாய்த் தண்ணீர் பொங்கிக் கருத்தம்மாளை நனைத்தது. அடுப்பங்கரைக் கூரைவரை நீலப்புகை. உள்ளே காத்திருந்தவர்கள் எல்லோரும் கொல்லைக்கு ஓடிவந்தார்கள். தெருவும் வந்தது. காறித் துப்ப வேண்டிய ஊர் கைதட்டியது. பஞ்சம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஓடினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. ராக்கையாவின் கண் கொல்லைப் பக்கம் திறந்திருந்தது. வலது கை பாயைவிட்டு வெளியே கிடந்தது; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பதுபோல் சேர்ந்து, மணிக்கட்டு வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் வாய் திறந்தால் போதும். மோட்டாரை அணைத்துவிட்டு அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் இன்னும் பாதி இருக்கும்.

வெளியே மோட்டார் கமறிக் கமறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சம்மாள் அந்த விரல்களைத் திரும்பவும் பார்த்தாள். இருபது வருஷமாக எத்தனை இன்ஜின் பக்கத்தில், தலையைச் சாய்த்துக்கொண்டு, எண்ணெயை அளந்து விடும் ஊசியை அவர் இப்படித் திருகியிருக்கிறார்! எழுந்து கொல்லைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"தம்பி," என்றாள். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னாள். "பெட்ரோல் கூடுதலாப் போகுதாம். ஊசிய வலப்பக்கமாக் கொஞ்சம் திருகச் சொல்றாக!"

பிச்சைமணி திருகினான். கமறல் நின்றது. புகை மெலிந்தது. மோட்டார் ஒரே சீராகப் பாடத் தொடங்கியது. பீப்பாய்த் தண்ணீர் வட்டமாகச் சுழன்றது.

"என்னா காது!" என்று துள்ளினான் பிச்சைமணி. வீட்டைப் பார்த்துக் கத்தினான். "இப்பச் சரியாண்ணே?"

எல்லோரும் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றபடி, சரி என்று தலையாட்டினாள்.