ஒரு வாக்கியத்துக்கு ஒரு டம்ளர்

எங்கள் ஊரில் யார் பேசினாலும் குரல் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போகாது. அதனால் பேச்சைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி, அதே குரலில் அடுத்த வீட்டுக்குச் சொல்லுவார். அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. உரியவர் காதில் விழும்வரை இப்படியே போகும்.

என் மனைவி மங்கையர்க்கரசிக்கு ஊரின் மறுகோடியில் ஒரு விதைக்கடையில் வேலை. அவள் அங்கிருந்து சொல்வது கடைசியாகப் பக்கத்து வீட்டு இருதயராஜின் வாய்க்கு வந்து, பிறகுதான் எனக்கு. "சாப்டீங்களா?" என்று ஜன்னலில் நின்று அவள் குரலில் கேட்பார். அவர் தனி ஆள். எனக்கு வயிறு எரியும். என் மனைவியின் கேள்வி எனக்கு முன்னால் அவர் நாக்கில் ஒரு நொடி இருந்துவிட்டு வருகிறது. வீட்டுக்கு வந்தபின் அவள் பேசுவதில்லை. அன்றைய பேச்சை அன்றே அனுப்பித் தீர்த்துவிடுவாள்.

சித்திரையில் வடக்குத் தெரு தணிகாசலம், "மணி என்ன?" என்று ஊர் முழுவதையும் கேட்க ஆரம்பித்தார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லா வாய்களும் அந்தக் கேள்வியிலேயே நிரம்பிவிட்டன. பிரசவ வலி என்று ஒரு பெண் சொன்னது பாதித் தெருவில் நின்றுபோனது. மங்கையர்க்கரசியின் ஒரு சொல்கூட வரவில்லை. இருதயராஜும் ஜன்னலில் நின்று மணி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் மட்டும் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

வார்டு உறுப்பினர் ஜெயசித்ரா ஒரு விதி கொண்டுவந்தார். ஒரு வாக்கியம் அனுப்ப வேண்டுமானால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கண்ணால் பார்த்த பிறகே வாக்கியத்தை வாங்குவார். சொல்ல விஷயம் உள்ளவருக்கு ஒரு டம்ளர் பெரிதில்லை. மதியத்துக்குள் தணிகாசலம் நிரம்பிவிட்டார். அவரைத் தூக்கிப்போய்த் தண்ணீர்ப் பந்தலில் வைத்தார்கள்.

விதி ஒழுங்காக நடக்கிறதா என்று குடங்களைப் பார்த்துக்கொண்டு வந்த ஜெயசித்ரா, என் வாசலில் நின்றார்.

"உங்க வீட்டம்மா தினமும் ஒரு குடம் காலி பண்றாங்க. குடுத்து வெச்சவர் சார் நீங்க."

எனக்கு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு "சாப்டீங்களா?" அதற்கு ஒரு டம்ளர் போதும். மீதிக் குடம் யாருக்கு?

சந்தேகம் வந்தால் காவல் நிற்கலாம் என்றும் விதி இருந்தது. பேச்சை வாங்கியவர் அதை அடுத்தவருக்குச் சொல்கிறாரா என்று நின்று கேட்பதுதான் காவல். இருதயராஜுக்கு நானே காவல் நின்றேன், அவர் வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. அவளுடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் காதுக்குள் போயின. என் ஜன்னலுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் மறுபக்க ஜன்னலில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவ பேசினதெல்லாம் எங்கய்யா?" என்றேன்.

கன்னத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு, உங்க நெனப்பாவே இருக்கு." "இன்னிக்குச் சீக்கிரம் வரட்டுமா?" எல்லாம் அவள் குரல். எல்லாம் எனக்கு அனுப்பியவை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"விட மனசு வரல சார்," என்றார் இருதயராஜ். "ஆனா ஒண்ணுக்குக்கூட பதில் சொல்லாம விடல. எல்லாத்துக்கும் உங்க குரல்லயே சொல்லி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"ஒரு புருஷன் சொல்ற மாதிரிதான் சார்."

இத்தனை நாள் அவரைப் பார்த்து எரிந்தவன், அன்றிலிருந்து என் குரலை நினைத்து எரிந்தேன்.

இனி இருதயராஜுக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவரிடமிருந்து வாங்கவும் கூடாது என்று ஜெயசித்ரா சொல்லிவிட்டார். இருதயராஜ் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். விதைக்கடைப் பேச்சு பின்வீட்டு வழியாகச் சுற்றிவர ஏற்பாடானது. நான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "சீக்கிரம் வா," என்று அனுப்பினேன்.

"யாருங்க பேசறது?" என்று பதில் வந்தது.

இன்னொரு டம்ளர் குடித்தேன். "நான்தான்."

"இல்லியே. அவர் இப்படிப் பேசமாட்டாரே."

அன்று அவள் வழக்கமான நேரத்துக்கே வந்தாள். தட்டில் சோறு வைத்தாள். நான் "போதும்" என்றேன். அது என் வாயிலிருந்து இருதயராஜின் குரலில் வந்தது. அவள் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.