எண் அட்டையில் எழுத்து படித்தவர்

காலையிலிருந்து பதினோரு லாரி டிரைவர்கள் கடைசி வரி வரை பிசகாமல் படித்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ராகம், மூச்சு விடுவதும் ஒரே இடத்தில். டாக்டர் ஆர்த்திக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

பன்னிரண்டாவது ஆள் ராசாங்கம். வலது கண்ணால் எழுத்து அட்டையைச் சரியாகப் படித்தார். இடது கண்ணைச் சோதிக்க அவர் வலது கண்ணைக் கையால் மூடியதும், ஆர்த்தி ஜாடை காட்டினாள். உதவியாளர் பிரேம்குமார் சத்தமில்லாமல் அட்டையைத் திருப்பினான். மறுபக்கம் முழுக்க எண்கள்.

"இப்பப் படிங்கண்ணே."

"ட, ப, ம, ர, ச. கீழ் வரியும் சொல்லவா மேடம்?"

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் தாங்க முடியாமல், "யோவ், நம்பருய்யா!" என்று கத்தினான்.

ராசாங்கம் அசரவில்லை. "ஏழு, நாலு, ரெண்டு" என்றார். அப்படி ஒரு வரிசை அட்டையில் எங்கும் இல்லை. பெரிய முதல் எண்ணைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

ஆலத்தியூர் சமுதாயக் கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற கண் முகாம் அது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்களின் கண் பரிசோதனைப் பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் கான்ட்ராக்டர் சாவி கொடுப்பார். புதிதாகச் சேருகிற டிரைவருக்குக் கல் ஏற்றும் இடத்தைக் காட்டுவதற்கு முன்பே அட்டையின் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது ஆர்த்திக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக அவள் சோதித்தது கண்ணை அல்ல, ஞாபகசக்தியை.

ஆர்த்தியிடம் கையில் தூக்கிப் போகிற சின்னக் கேமரா இருந்தது. சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்த கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரே விழித்திரையைப் பார்த்து, பச்சை அல்லது சிவப்பு என்று சொல்லிவிடும். ராசாங்கத்தின் இடது கண்ணுக்குச் சிவப்பு வந்தது.

"சுகர் இருக்கா?"

"லேசா."

"நாளைக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாரம் என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் அவர் வரவில்லை. கையெழுத்து இல்லாமல் சாவி கிடைக்காததால் நான்காம் நாள் வந்தார். கூடவே மனைவி கொளஞ்சியம்மாள்.

"மூணு நாளா வெறும் கேப்பக் கஞ்சி மேடம். இப்ப ரத்தம் எடுங்க, சுகர் நார்மலா இருக்கும்."

ஆர்த்தி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். ஏழுக்குள் இருக்க வேண்டியது, பதினொன்று என்று வந்தது.

"மூணு மாசத்துக்கா பாப்பீங்க?" பாடத்தில் இல்லாத கேள்வி வந்துவிட்ட மாதிரி கேட்டார்.

ஸ்கேன் படத்தை அவர் முன்னால் திருப்பி வைத்தாள். விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிந்தது. "நடுவுல குழி இருக்கணும்ணே. உங்களுக்கு மேடு தட்டியிருக்கு. உள்ள நீர் கோத்திருக்கு. இதுக்குப் புது மருந்து வந்திருக்கு. முதல்ல மாசம் ஒரு ஊசி, நாலு மாசத்துக்கு. நல்லா கேட்டுச்சுன்னா அப்புறம் மூணு மாசம், நாலு மாசம்னு தள்ளித் தள்ளிப் போட்டுக்கலாம். விட்டுட்டா இந்தக் கண்ணு திரும்பாது."

ராசாங்கம் யோசித்தார். "அப்ப வலது கண்ணுல போடுங்க."

"எதுல?"

"வலதுல. இடது எப்படியும் போச்சு. நல்ல கண்ணு கெடாம இருக்கணும்ல?"

ஆர்த்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம்தான் திருச்சியில் இந்த மருந்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கருத்தரங்கு. அறுபது எழுபது ஸ்லைடு போட்டார்கள். ஒன்றில் மட்டும் கடைசி வரியாக 'நோயாளியின் ஒத்துழைப்பு' என்று இருந்தது. பேசியவர் அதைப் படிக்காமலே அடுத்ததற்குத் தாவினார். அவரை ஒரு வாரம் ஆலத்தியூரில் உட்கார வைக்க வேண்டும்.

"டயரு பஞ்சர்னா பஞ்சரான டயருக்குத்தான ஒட்டுப் போடுவீங்க?"

அது அவருக்குப் புரிந்தது. "சரி, இடதுலயே போடுங்க. பாரத்துல கையெழுத்து?"

ஆர்த்தி அவர் பார்க்கவே எழுதினாள். நான்கு மாதம் லாரி ஓட்டக் கூடாது, அதன் பிறகு மறுபரிசோதனை. ராசாங்கம் எழுந்தார்.

"ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருபத்தாறு வருசமா ஓட்டுறேன்."

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார். இவர் திரும்பி வரமாட்டார். விஷயம் பரவினால் மற்ற டிரைவர்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதற்காக ஒற்றைக் கண்ணோடு அரியலூர் ரோட்டில் கல் லாரியை விடவும் முடியாது. எழுதியதை அவள் அடிக்கவில்லை.

கொளஞ்சியம்மாள் நாற்காலியை விட்டு நகரவில்லை. "ஊசிய எடுத்து வைங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். வராந்தாவில் அவள் குரல் உள்ளே வரை கேட்டது.

"போன மாசம் வூட்டு வாசல்லயே பைக்கக் கொண்டுபோய் செவுத்துல வுட்டியே, அது எந்தக் கண்ணு?"

செருப்புச் சத்தம் வாசலை நோக்கி நகர்ந்தது. அவள் விடவில்லை.

"நாலு மாசம் வேற வேல பாரு. ரெண்டு கண்ணும் போச்சுன்னா என் தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் திரியணும். என்னால இழுத்துக்கிட்டு அலைய முடியாது, சொல்லிட்டேன்."

"வேற வேல உங்கப்பனா குடுப்பான்?"

அந்த வேலைக்காக ஆர்த்தி கான்ட்ராக்டரிடம் போனில் அரை மணி நேரம் கத்தினாள். வெளியே இருபது பேர் கண்ணில் மருந்தோடு காத்திருந்தார்கள். கடைசியில், எடை மேடையில் லாரி நம்பர் குறிக்கிற வேலை என்று அவர் இறங்கி வந்தார். ராசாங்கம் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து படுத்தார். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் தேதி தவறாமல் வந்தார். ஸ்கேனில் மேடு பாதி இறங்கியிருந்தது. பிரேம்குமார் முகாமுக்குக் கொண்டுபோன அதே அட்டையின் எண் பக்கத்தை மாட்டினான். ராசாங்கம் வலது கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூன்று வரி படித்தார். மூன்றும் சரி. நான்காவதில் நின்றுவிட்டார்.

"அதுக்குக் கீழ கலங்கலா இருக்கு மேடம். தெரியல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடு. ஆர்த்தி 'மூன்று வரி' என்று குறித்துக்கொண்டாள்.

"ஆனா என்ன நம்பருன்னு வேணும்னா சொல்றேன்" என்றார் ராசாங்கம். "அன்னைக்கு வரிசையில நின்னவனுங்க இந்தப் பக்கத்தையும் மனப்பாடம் பண்ணிட்டானுங்க."

ஆர்த்தி பேனாவை மூடினாள்.

"பிரேம்குமார், அடுத்த முகாமுக்கு வேற அட்டை வாங்கு."