கொஞ்சம் வலது பக்கம் போகும்

பனியில் கிடந்த ரத்தத்தில் பச்சை கலந்திருந்தது. ராண்டா மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, ஒரு துளியை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். குடல் நாற்றம். நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றைக் கிழித்துவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மான் வேட்டைக்கு வருகிறவள் அவள். ஒரு மானைக்கூட இப்படிக் குடல் சரிய ஓடவிட்டதில்லை. எண்பது கஜம்கூட இருக்காது. மான் இடதுபக்கம் பார்த்து அசையாமல் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்து, மூச்சை அடக்கித்தான் சுட்டாள். விரலைப் பனியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தும் நாற்றம் போகவில்லை.

வயிற்றில் அடிபட்ட மானை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் செத்துக்கொண்டே மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் பக்கத்துப் புதரிலேயே படுத்துக்கொள்ளும். சாயங்காலத்துக்கு முன்னால் வந்து தேடிக்கொள்ளலாம் என்று வேட்டைக் குடிலுக்குத் திரும்பினாள்.

குடிலில் அவள் கணவன் டுவெய்னும் அவன் அண்ணன் கிளைடும் அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள். துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்றும் சொன்னாள். அந்தத் துப்பாக்கி டுவெய்ன் தன் கையால் செய்தது. உதிரிகளை ஒவ்வொன்றாக வரவழைத்து, கோடை முழுக்க கராஜில் உட்கார்ந்து பூட்டி, இந்த வருஷக் கல்யாண நாளுக்கு அவளுக்குப் பரிசாகக் கொடுத்தான். குறியெல்லாம் பார்த்து வைத்தாயிற்று, அப்படியே எடுத்துப்போய்ச் சுடவேண்டியதுதான் என்றான். அவளும் நம்பிவிட்டாள்.

கிளைடு காபியைக் கீழே வைத்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். எந்திரி ராண்டா, சட்டையக் காட்டு."

மானைத் தவறவிட்டவர்களின் சட்டை வாலை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அந்தக் குடிலின் வழக்கம். கிளைடின் சட்டைத் துண்டுகளே அங்கே நாலைந்து தொங்குகின்றன. ராண்டாவுடையது ஒன்றும் கிடையாது, அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. கத்திரிக்கோலை எடுத்து வந்தது டுவெய்ன். சிரித்துக்கொண்டே வெட்டினான், கொஞ்சம் தாராளமாகவே வெட்டினான். அவள் முதுகில் குளிர் ஏறியது. வழக்கம் வழக்கம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு யாரிடமும் சொல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குழிக்கு வண்டியை விட்டாள். காகிதத் தட்டு ஒன்றை அட்டைப்பெட்டியில் குத்தி வைத்து, எண்பது கஜம் அளந்து வந்து, வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கி, அதன்மேல் மணல்மூட்டை போட்டுத் துப்பாக்கியைக் கிடத்தி மூன்று முறை சுட்டாள். போய்ப் பார்த்தால் தட்டில் ஓட்டையே இல்லை. தட்டுக்கு வலப்புறம், ஒரு முழம் தள்ளி, அட்டையில் மூன்று ஓட்டைகளும் ஒரே உள்ளங்கையில் அடங்கும்படி நெருங்கிக் கிடந்தன. கை நடுங்கியிருந்தால் ஓட்டைகள் சிதறியிருக்கும். கையில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊரில் கதவும் ஜன்னலும் மாட்டுவது அவள் பிழைப்பு. வண்டியில் ரசமட்டமும் தூக்குநூலும் எப்போதும் கிடக்கும். ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியின் உடலை மட்டமாக நிறுத்தினாள். எதிரே மரக்கிளையில் நூலைத் தொங்கவிட்டு, பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். குழலின் நுனியில் நிற்கும் முன்குறி நூலோடு சேரவில்லை. அதன் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. முன்குறி இடது பக்கம் சாய்ந்தால் குண்டு வலது பக்கம் போகும். சாய்ந்ததன் காரணமும் அவளுக்குப் புரிந்தது. பனி உருகிய தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கராஜின் தரையை வாசலைப் பார்த்துச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். பட்டறை மேஜையும் சரிவு, அதில் கவ்விப் பிடித்த துப்பாக்கியும் சரிவு. அந்த மகாராஜன் ரசமட்டத்தை முன்குறியில் மட்டும் வைத்து நேராக்கியிருக்கிறான்.

அதுகூடப் போகட்டும். யாருக்கும் வரக்கூடிய பிசகுதான். ஆனால் பிறகு கண் பக்கம் இருந்த பின்குறியைப் பார்த்தாள். கோணலை ஈடுகட்ட அதை இடது கோடிவரை திருகி, அதற்கு மேலும் திருகப் பார்த்ததில் திருகின் தலை தேய்ந்து போயிருந்தது. கோளாறு தெரியாதவன் அதை அவ்வளவு தூரம் திருகமாட்டான்.

ஆலன் கீயால் முன்குறியின் அடியிலிருந்த இரண்டு திருகுகளைத் தளர்த்தி, அது நூலோடு ஒன்றும்வரை மெல்லத் திருப்பி இறுக்கினாள். பின்குறியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். சுட்டாள். மூன்றும் தட்டின் நடுவில். இதற்கு அரைமணி நேரம் ஆகவில்லை.

டுவெய்ன் வந்தபோது அவள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்காக, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிச் சூடாகக் கொண்டுவந்திருந்தான். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?" என்றாள்.

"கொஞ்சம் வலது பக்கம் போகும்னு தெரியும். நீதான் நல்லா சுடுறவளாச்சே கண்ணு, சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் கத்திரிக்கோலத் தூக்கிட்டு வந்த?"

அவன் பாஸ்டியை நீட்டியபடியே நின்றான். கிளைடு முன்னால் எப்படிச் சொல்வது, ஒரு கோடை முழுக்க அவனிடம் பெருமை அடித்தாயிற்றே என்றான். சட்டை வால்தானே, நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றான். இன்று ராத்திரி சாப்பாட்டில் கிளைடிடம் உண்மையைச் சொல் என்று அவள் கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பார்க்கலாம் என்றபடி அவன் காகிதத் தட்டை அட்டையிலிருந்து பிடுங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அதைக் கிளைடிடம் காட்டி, துப்பாக்கியில் கோளாறே இல்லை என்று சொல்லப்போகிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் மணத்த பாஸ்டியை அவளால் தொடமுடியவில்லை.

இருவரும் ரத்தத் தடத்தைப் பிடித்து நடந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். தேவதாருக்கள் அடர்ந்த சதுப்பில் அந்த மான் கிடந்தது. செத்திருக்கும் என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள். சாகவில்லை. எழப் பார்த்தது, பின்னங்கால்கள் வரவில்லை. அது படுத்திருந்த பள்ளத்தில் பனி பச்சையாய் இளகி நாறியது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். முன்குறி நிமிர்ந்து நின்றது.

"தலைல சுட்டுடாத," என்று காதருகே கிசுகிசுத்தான். "கொம்பு கெட்டுடும்."

சீக்கிரம் முடியட்டும் என்று அவள் காதுக்குக் கீழேதான் சுட்டாள். மான் தலையைச் சாய்த்து அடங்கியது. டுவெய்ன் அவளைத் தாண்டி ஓடி, கொம்புக் கிளைகளை எண்ணி, ஒன்றும் உடையவில்லை என்று மூச்சுவிட்டான். துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கி மானின் கழுத்தின்மேல் குறுக்கே வைத்தான். பக்கத்தில் மண்டியிட்டுக் கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான். மானின் வாயிலிருந்து பச்சை நுரை அவன் பூட்ஸில் வழிந்தது. அவன் கவனிக்கவில்லை. தன் போனை அவளிடம் நீட்டினான்.

"துப்பாக்கி நல்லாத் தெரியணும். கிளைடுக்கு அனுப்பணும்."

அவள் வாங்கினாள். திரையில் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாயுது பாரு," என்றான். "நேராப் புடி."

அவள் கையை அசைக்கவில்லை. திரையில் அவனும் மானும் துப்பாக்கியும் பின்னாலிருந்த தேவதாருக்களும் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவள் அப்படியே அழுத்தினாள்.